கதாநாயகனுக்குப் பின்னால் போகிற பஸ்

சின்ன மாமா படத்தில் ஆள் பார்க்கமாட்டார், பஸ் பார்ப்பார். சிவாஜி வீதியோரம் நின்று குமுறிக்கொண்டிருப்பார். கொட்டகை முழுக்க மூக்கை உறிஞ்சும். மாமா மட்டும் கதிரை நுனிக்கு வந்து, சிவாஜியின் தோளுக்குப் பின்னால் போகிற பஸ்ஸின் மூஞ்சியை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். "லேலண்ட் கொமெட். முன் கிரில் மாத்தியிருக்கான்" என்பார், சற்றுச் சத்தமாகவே. முன்வரிசையில் யாராவது திரும்பி முறைப்பார்கள். மாமாவுக்கு அது உறைக்காது. அடுத்த பஸ் எப்போது வரும் என்றுதான் பார்த்திருப்பார்.

அவர் புத்தளம் டிப்போவில் பிட்டர். எந்தச் சவுக்காரத்துக்கும் போகாத கிரீஸ் அவர் நகக்கண்களில் இருந்தது. உம்மாவுக்கு இளைய தம்பி. கலியாணம் ஆகாமல் எங்கள் வீட்டு முன்னறையிலேயே கனகாலம் இருந்தார். எங்கள் வீடு கற்பிட்டி வீதியில். பாலாவிச் சந்தியில் கொழும்பு வீதியை விட்டுப் பிரிந்து, ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் கடலுமாக ஒடுங்கிக்கொண்டே போகிற அந்த நீட்டு நிலத்தை அறிந்தவர்களுக்கு, அங்கே பஸ் என்பது என்ன என்று சொல்லத் தேவையில்லை. வெங்காய மூட்டை, புகையிலைக் கட்டு, கருவாட்டுச் சாக்கு, பிரசவத்துக்குப் போகிற பெண், பரீட்சைக்குப் போகிற பொடியன் எல்லாம் அந்தச் சிவப்புப் பஸ்ஸில்தான். வீதியில் கழுதைகள் படுத்திருந்தால் ட்ரைவர் ஹார்ன் அடிப்பார், கழுதை எழும்பாது, கொண்டக்டர் இறங்கித் தட்டி எழுப்புவார்.

கடைசி பஸ் ஊரிலேயே இரவு தங்கும். நைட் ஹோல்ட் பஸ் என்று அதற்குப் பெயர். ட்ரைவரும் கொண்டக்டரும் யாராவது வீட்டில் சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸுக்குள்ளேயே சாறனைப் போர்த்துக்கொண்டு படுப்பார்கள். விடிய நாலு மணிக்கு எஞ்சின் உறுமும்போதுதான் பலருக்கு ஊரில் பொழுது தொடங்கும். மாமா வீட்டுக்குள் படுத்தபடியே அந்த உறுமலைக் கேட்டு, "இண்டைக்குப் பம்ப் கொஞ்சம் லேட்" என்று முனகிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுப்பார்.

படம் பார்க்கப் புத்தளத்துக்குப் போகவேண்டும். வாப்பாவுக்கு அது பிடிக்காது. சாமான் வாங்க, செருப்பு வாங்க, டிப்போவில் மாமாவுக்குச் சாப்பாடு கொடுக்க என்று ஏதாவது ஒரு சாட்டு வேண்டும். பின்னேரம் வீடு திரும்பக் கடைசி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும் என்பதால் மெட்னி ஷோ மட்டுமே எங்களுக்கு வாய்த்தது. இரண்டாம் காட்சி என்பது புத்தளம் டவுன்காரருக்கு அல்லாஹ் கொடுத்த வரம் என்று நினைத்திருந்தேன். கலரி டிக்கட், கடலைக் கொட்டைச் சுருள், இடைவேளையில் ஒரு பணிஸ். படம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே மாமா எழும்பிவிடுவார். பல படங்களின் முடிவு எனக்கு இன்றைக்கும் தெரியாது.

படங்கள் புதியவையும் அல்ல. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து, இந்தியப் படங்களின் இறக்குமதி அதன் கைக்குப் போனபிறகு, புதிய தமிழ்ப் படம் குறைந்தது. பழைய பிரதிகளே ஊர் ஊராகச் சுற்றின. மழை பெய்கிற மாதிரிக் கோடு விழுந்த அறுபதுகளின் கறுப்பு வெள்ளைப் படங்களை எழுபதுகளின் பிற்பகுதியில் நாங்கள் புதுப்படமாகப் பார்த்தோம். மாமாவுக்கு அதில் வருத்தமே இல்லை. "பழைய படம் எண்டாத்தான் பழைய பஸ் இருக்கும்" என்பது அவர் கட்சி.

அந்த வகையில் அவருக்குத் தலைசிறந்த தமிழ்ப்படம் எது என்று கேட்டால் யோசிக்காமல் 'மெட்ராஸ் டு பாண்டிச்சேரி' என்பார். 1966இல் வந்தது, திருமலை - மகாலிங்கம் இருவரும் இயக்கியது, ரவிச்சந்திரனும் கல்பனாவும் நாகேஷும் நடித்தது. கதை பெரும்பாலும் பஸ்ஸுக்குள்ளேயே ஓடும். ஒரு பஸ்ஸைக் கதாநாயகனாக வைத்து எடுத்த படம் என்று மாமா அதை மதித்தார். பிறகு இந்தியில் அதையே 'பாம்பே டு கோவா' என்று 1972இல் எடுத்தார்கள், அமிதாப் பச்சன் பெரிய ஆளாவதற்கு முன்பு. அதையும் பார்த்தார். "காதல் பண்ணுறவன் பஸ்ஸுக்கு நடுவில வந்து நிண்டு மறைக்கிறான்" என்பது இரண்டு படங்களைப் பற்றியும் அவர் சொன்ன ஒரே விமர்சனம்.

கே. பாலசந்தரின் 'அனுபவி ராஜா அனுபவி' (1967) இன்னொன்று. நாகேஷுக்கு அதில் இரட்டை வேடம். தூத்துக்குடியிலிருந்து வந்த நாகேஷ் மதராஸைச் சுற்றிப் பார்த்து அதிசயிக்கிற பாட்டைத் தமிழ் உலகமே அறியும். கடற்கரை ஊர்க்காரன் ஒருவன் பட்டணத்தில் வாய் பிளந்து நிற்கிறான். எங்கள் கலரியில் அந்தப் பாட்டுக்கு விழுந்த விசிலில் பாதி நாகேஷுக்கு, பாதி எங்களுக்கே எங்களுக்கு. முன்பு முத்துக் குளித்து, கருவாடு காயப்போட்டு, உப்பு வாருகிற தூத்துக்குடிக்கும் எங்கள் புத்தளத்துக்கும் நடுவில் ஒரு கடல் துண்டுதானே கிடக்கிறது. அவன் முழிக்கிற முழி எங்களுடைய முழி.

நான் பார்த்தது பட்டணம். மாமா பார்த்தது வேறு. ஒருநாள் பஸ்ஸில் திரும்பி வரும்போது சொன்னார்: "மருமகனே, நீ நினைக்கிறாய் அது மெட்ராஸ் பஸ் எண்டு. எஞ்சின் நம்மட எஞ்சின்தான்." அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு வயது வந்தபிறகே முழுக்க விளங்கியது. மதராஸுக்கு வடக்கே எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. இங்கிலாந்து லேலண்ட் கொம்பனி பங்கு சேர்ந்து, 1955இல் அது அசோக் லேலண்ட் ஆனது. தமிழ்ப் படங்களின் பின்னணியில் ஓடுகிற கொமெட்டும் டைகரும் டைட்டனும் அந்தக் குடும்பம். இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) வைத்திருந்ததும் பெரும்பாலும் லேலண்ட். முதலில் இங்கிலாந்திலிருந்து நேரே வந்தவை, பிறகு எண்ணூரிலிருந்து வந்தவை. 1982இல் லங்கா அசோக் லேலண்ட் என்று கொழும்புக்குப் பக்கத்திலேயே கூட்டுக் கம்பனி வந்துவிட்டது. திரையில் சிவாஜிக்குப் பின்னால் போனதும், பாலாவியில் உப்புக் குவியலுக்குப் பின்னால் வந்ததும் சொந்தக்காரர்கள்தாம். பட்டணம் தூரத்தில் இருக்கிறது, நாங்கள் எங்கோ ஒரு மணல் முனையில் கிடக்கிறோம் என்று எனக்கு இருந்த எண்ணத்தில் மாமா அன்றைக்கு முதல் ஓட்டையைப் போட்டார்.

படத்தின் வயதைப் பஸ்ஸை வைத்துச் சொல்ல அவரிடம் சில கணக்குகள் இருந்தன. டாட்டா பஸ்ஸின் மூக்கில் மூன்று முனை நட்சத்திரம் இருந்தால் 69க்கு முந்தியது. டாட்டாவும் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸும் 1954இல் செய்த ஒப்பந்தம் அந்த ஆண்டோடு முடிந்து, நட்சத்திரம் போய் 'டி' எழுத்து வந்தது. பஸ்ஸின் பக்கத்தில் பல்லவன் என்று இருந்தால் 1972க்குப் பிந்தியது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் சென்னை நகர பஸ்களுக்கெனப் பல்லவன் போக்குவரத்துக் கழகம் வந்தது. ட்ரைவர் எஞ்சினுக்குப் பக்கத்தில் தனிக் கூண்டில் இருந்தால் பழசு, பயணிகளோடு இருந்தால் புதுசு. இவற்றையெல்லாம் அவர் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. லொறி சாமான் கடைக்காரர், கொழும்பு ஸ்டோர்ஸ்காரர், பழைய விற்பனைக் கையேடுகள் என்று எங்கெங்கோ பொறுக்கியது.

இலங்கைப் படமென்றால் கணக்கு இன்னும் சுலபம், இலக்கத்தகடு போதும். இ.எல்., இ.என். என்று ஆங்கில எழுத்து இருந்தால் பண்டாரநாயக்கா காலத்துக்கு முந்திய வண்டி. இரண்டு இலக்கம், நடுவே சிங்கள ஸ்ரீ, பிறகு நான்கு இலக்கம் என்றால் அதற்குப் பிந்தியது. தனியார் பஸ் கம்பனிகளை அரசு எடுத்து இ.போ.ச.வைத் தொடங்கியது 1958 ஜனவரி முதலாம் திகதி. அந்த ஆண்டே ஸ்ரீ எழுத்துப் போட்ட புதிய பஸ்கள் வடக்குக்குப் போயின. தமிழரசுக் கட்சிக்காரர் அந்த எழுத்தின்மேல் தார் பூசினார்கள். தெற்கில் பதிலுக்குத் தமிழ்ப் பெயர்ப் பலகைகளில் தார் பூசினார்கள். ஏப்ரலில் பண்டா-செல்வா ஒப்பந்தம் கிழிபட்டது. மே மாதம் கலவரம். ஒரு பஸ்ஸின் பின்புறத்தில் இவ்வளவும் இருக்கிறது. மாமா இதைப் பற்றி வாய் திறக்கமாட்டார். டிப்போவில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாரும் ஒரே குழிக்குள் இறங்கி ஒரே எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அதுதான் அரசியல்.

பிறகு, 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டு எங்கள் கரையில் வந்து இறங்கினார்கள். ஓலைக் கொட்டில்கள் பாலாவி முதல் கற்பிட்டி வரை நிறைந்தன. அப்படி வந்த யாழ்ப்பாணச் சோனகத் தெரு நண்பன் ஒருவனுக்குச் சினிமாப் பைத்தியம். வின்சர், மனோகரா, ராஜா, லிடோ என்று யாழ்ப்பாணத்துத் தியேட்டர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, எந்தப் படம் எங்கே எத்தனை நாள் ஓடியது என்பான். அவனுடைய வாப்பா சின்ன வயதில் தார் பூசிய பஸ்ஸைக் கண்ணால் கண்டவர். மாமாவும் அந்த மனிதரும் எங்கள் திண்ணையில் இருந்து பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறேன். ஒருவர் எழுத்தைப் பற்றிச் சொல்வார், மற்றவர் அது எந்த மொடல் பஸ் என்று கேட்பார். இருவருக்கும் பேச்சு ஒத்துப்போனது எப்படி என்பது எனக்கு இன்னும் புதிர்.

சிவப்பு இரட்டைத்தட்டு பஸ்ஸுக்கு வருகிறேன். மாமாவின் உயிர் அதில்தான் இருந்தது. எங்கள் வீதிக்கு அது வந்ததே இல்லை. தென்னோலை தாழ்ந்த அந்த வீதியில் வந்திருந்தால் மேல்தட்டில் தேங்காய் விழுந்திருக்கும். சிறுவனாக மாமாவோடு முதல்தடவை கொழும்புக்குப் போனபோது, புறக்கோட்டையில் இறங்கியதும் அவர் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகவில்லை. இரட்டைத்தட்டு பஸ் ஒன்றில் என்னை ஏற்றி, சுழல்படியில் தள்ளி, மேல்தட்டின் முன் ஆசனத்தில் இருத்தினார். காலிமுகத்திடல் காற்று முகத்தில் அடித்தது. எனக்குக் கடல் புதிதல்ல, ஆனால் கடலை அவ்வளவு உயரத்தில் இருந்து பார்த்ததில்லை. எங்கே போகிறோம் என்று கேட்டேன். "எங்கயும் இல்ல. கடைசி ஹோல்ட் மட்டும் போய் இதிலேயே திரும்பி வாறது" என்றார்.

அந்த பஸ்கள் லண்டனில் ஓடிக் களைத்து வந்தவை. ஆர்.டி. என்ற அந்த வகையை 1939 முதல் 1954 வரை கட்டினார்கள், ஆர்.டி.எல்., ஆர்.டி.டபிள்யூ. என்ற உறவுகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 7,000. ஆர்.டி. என்றால் ஏ.இ.சி. எஞ்சின், மற்ற இரண்டும் லேலண்ட். ஆர்.டி.டபிள்யூ. மற்றவற்றைவிட ஆறு அங்குலம் அகலம், எட்டு அடி. லண்டன் இவற்றைக் கழிக்கத் தொடங்கியபோது இலங்கைப் போக்குவரத்துச் சபை நூற்றுக்கணக்கில் வாங்கிக் கப்பலேற்றியது. இங்கேயும் இடப்பக்க ஓட்டம். ஸ்டீரிங் மாற்றத் தேவையில்லை, கதவு மாற்றத் தேவையில்லை, நிறம்கூட மாற்றத் தேவையில்லை. துறைமுகத்தில் இறக்கி, போர்டை மாற்றி, டீசல் அடித்து ஓட்டலாம். லண்டனில் கடைசி ஆர்.டி. 1979 ஏப்ரலில் சேவையிலிருந்து நின்றது. எண்பதுகளின் இறுதியில் அவற்றுக்குப் பின் வந்த ரூட்மாஸ்டர்களிலும் சில கொழும்புக்கு வந்தன. ஓய்வுபெற்ற பஸ்ஸை வாங்குவது கஞ்சத்தனம் என்று பத்திரிகைகளில் சிலர் எழுதியதைப் படித்திருக்கிறேன். என்னைக் கேட்டால், இலங்கை வாங்கிய வெளிநாட்டுச் சாமான்களில் காசுக்கு இவ்வளவு உழைத்தது வேறில்லை.

எண்பதுகளில் வீடியோ டெக் வந்தது. கலியாண வீடு, கத்னா வீடு, வெளிநாட்டிலிருந்து யாராவது வந்த வீடு என்றால் புத்தளத்திலிருந்து டீ.வியும் டெக்கும் வாடகைக்கு வரும். கரண்ட் இல்லாத இடத்துக்கு ஜெனரேட்டரும் சேர்ந்து வரும். முற்றத்தில் பாய் விரித்து விடிய விடிய நாலு படம். இதில் மாமாவுக்குக் கிடைத்த பாக்கியம் என்னவென்றால், படத்தை நிறுத்தலாம். கொட்டகையில் ஒரு கணத்தில் கடந்துபோகிற பஸ் இங்கே நிற்கும். டெக்காரப் பொடியனுக்குப் பக்கத்தில் போய் இருந்துகொண்டு, "தம்பி, கொஞ்சம் நிப்பாட்டு. பின்னுக்கு எடு. அந்தா, அந்தா" என்பார். திரையில் வெள்ளைக் கோடுகள் நடுங்கிக்கொண்டிருக்க, ரஜினியின் காலுக்கு நடுவே ஒரு பஸ்ஸின் பின்சில்லு தெரியும். ரஜினி பெங்களூரில் கொண்டக்டராக இருந்தவர் என்பதால் மாமாவுக்கு அவர்மேல் தனி மரியாதை. ஆனால் சில்லைப் பார்க்காமல் விடுமளவுக்கு மரியாதை இல்லை. மூன்றாம் தடவை நிறுத்தியபோது பெண்கள் பக்கத்திலிருந்து ராத்தா எழும்பி, "அந்த மனிசனை அங்கால எழும்பிப் போகச் சொல்லுங்க" என்று கத்திய இரவு ஊருக்கே நினைவிருக்கும்.

அந்த டெக்கில்தான் இரண்டு ஆங்கிலப் படங்கள் பார்த்தோம். ஒன்று 'சம்மர் ஹொலிடே', 1963இல் வந்தது. கிளிஃப் ரிச்சர்டும் கூட்டாளிகளும் லண்டன் பஸ் மெக்கானிக்குகள், ஒரு ஆர்.டி. பஸ்ஸை வீடாக்கி ஏதென்ஸ் வரை ஓட்டிப் போகிறார்கள். மாமாவுக்கு ஆங்கிலம் விளங்காது, பாட்டும் பிடிக்கவில்லை. ஆனால் லண்டன் பணிமனைக்குள் பஸ் உடல் தூக்கப்படுவதைக் காட்டிய தொடக்கக் காட்சிகளை மூன்று தரம் போடவைத்தார். படம் முடிந்ததும் கேட்டார்: "ஏதென்ஸுக்குப் போனதைப் படம் எடுத்துட்டான். கொழும்புக்கு வந்ததை எவன் எடுத்தான்?" பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. இன்றைக்கும் இல்லை என்றே நினைக்கிறேன்.

மற்றது 1973இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம், 'லிவ் அண்ட் லெட் டை'. ரோஜர் மூர் ஒரு இரட்டைத்தட்டு பஸ்ஸைத் தாழ்ந்த பாலத்துக்கு அடியில் ஓட்டிப் போகிறார். மேல்தட்டு முழுதாகக் கழன்று பின்னால் வருகிற காரின் மேல் விழுகிறது. முற்றம் முழுக்கக் கைதட்டியது. மாமா பாயைவிட்டு எழும்பி நின்றுவிட்டார். "ஆர்.டி.டா அது! நம்மட பஸ்!" பிறகு நிதானமாகி, பின்னுக்கு எடுக்கச் சொல்லி மறுபடி பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "முன்னமே அறுத்து வைச்சிருக்கான். உருளையில வைச்சிருக்கவேணும். இல்லாட்டி இப்படி வழுக்கி வராது." அந்தக் காட்சியை ஜமைக்காவில் எடுத்தார்கள், ஓட்டியவர் மோரிஸ் பாச்செட் என்கிற லண்டன் பஸ் பயிற்றுநர், மேல்தட்டை அறுத்து உருளைகளின் மேல்தான் வைத்திருந்தார்கள் என்றெல்லாம் வருடங்கள் கழித்து நான் படித்தேன். மாமாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "நான் அண்டைக்கே சொன்னேனே" என்று தேத்தண்ணியைக் குடித்தார்.

ஊருக்குள்ளேயே பட்டணத்து பஸ்ஸைப் பார்க்க ஒரு வழி இருந்தது: தலவில திருவிழா. மார்ச்சிலும் ஆகஸ்டிலும் புனித அன்னம்மாள் கோயிலுக்கு நாடெங்கும் இருந்து சனம் வரும். விசேட பஸ்கள் வேறு வேறு டிப்போக்களிலிருந்து எங்கள் வீதியால் போகும். ஆடியில் உடப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்புக்கும், முன்னேஸ்வரத் திருவிழாவுக்கும் சிலாபப் பக்கம் இப்படித்தான். மாமா லீவு போட்டுக்கொண்டு சந்தியில் நிற்பார். எந்த டிப்போ, எந்த உடல், எந்த எஞ்சின் என்று பார்த்துக்கொண்டேயிருப்பார். வெரஹெரவில் இருந்த இ.போ.ச.வின் பெரிய வேலைத்தளத்தில் மறுபடி உடல் கட்டிய பஸ்ஸென்றால் தூரத்திலேயே கண்டுபிடிப்பார். பயணிகள் செபமாலையோடு பாட்டுப் பாடிக்கொண்டு போவார்கள். இவர் சில்லைப் பார்த்துக்கொண்டிருப்பார். நேர்த்திக்கு வந்த வேற்றூர் ட்ரைவர்மார் அவரை மாற்று மத யாத்திரிகன் என்று நினைத்து வணக்கம் சொன்னதுண்டு.

எங்கள் கரையே சினிமாவுக்குள் போனதும் நடந்தது. தர்மசேன பத்திராஜ 'பம்பரு அவித்' படத்தைக் கற்பிட்டிக் கரையில் எடுத்தார், 1978இல் வெளிவந்தது. விஜய குமாரதுங்க, மாலினி பொன்சேகா, ஜோ அபேவிக்ரம. அதே ஆண்டு மாலினி, சிவாஜியோடு 'பைலட் பிரேம்நாத்'திலும் வந்தார், அதுவும் இலங்கையில் எடுத்த படம். ஆனால் எங்கள் ஊரில் மாலினி என்றால் 'பம்பரு அவித்' ஹெலன்தான். பட்டணத்திலிருந்து வருகிற ஒரு வசதிக்காரன் மீனவக் கரையின் வியாபார ஒழுங்கையும், அங்குள்ள ஒரு பெண்ணின் வாழ்க்கையையும் கலைக்கிற கதை. பத்திராஜ அதற்கு முந்திய ஆண்டு யாழ்ப்பாணத்தில் 'பொன்மணி' என்று தமிழ்ப் படமும் எடுத்தவர். தமிழர் கரையையும் சிங்களவர் கரையையும் ஒரே கண்ணால் பார்க்கத் தெரிந்த மிகச் சிலரில் ஒருவர். சிங்கள சினிமாவின் தலைசிறந்த பத்துப் படங்களை யார் எண்ணினாலும் 'பம்பரு அவித்' அதில் இருக்கும்.

சிங்களம் அரைகுறையாக விளங்கிய நாங்கள் கதையைவிட இடத்தைத்தான் பார்த்தோம். மணல், வாடி, கரைவலை, காற்றில் சாய்ந்த தென்னை. திரையில் தன் ஊர் மணலைப் பார்ப்பது ஒரு விசித்திரமான அனுபவம். கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கும். அதுவரை நாங்கள் பட்டணத்தை வாய்பிளந்து பார்த்தவர்கள். இப்போது பட்டணம் கமெராவோடு வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. மாமாவிடம் படம் எப்படி என்று கேட்டேன். "வள்ளம் நிறையக் காட்டுறான். ரோட்டைக் காணல்ல" என்றார்.

அவர் தேடுகிற ரோடு பத்திராஜவின் முதல் படத்தில், 1974இல் வந்த 'அஹஸ் கவ்வ'வில் இருந்தது. வேலையில்லாத கொழும்பு இளைஞர்களின் கதை. அதைப் பல வருடங்கள் கழித்துத்தான் பார்க்கக் கிடைத்தது. அந்தக் காலக் கொழும்பை அறிய விரும்புகிறவன் வரலாற்றுப் புத்தகத்தைவிட இப்படியான படங்களின் பின்னணியைப் பார்க்கலாம் என்பேன். இயக்குநர் நடிகனை ஒழுங்குபடுத்துவார், வசனத்தை ஒழுங்குபடுத்துவார். பின்னால் போகிற பஸ்ஸை யாரும் ஒழுங்குபடுத்துவதில்லை. அது தன் பாட்டுக்கு, தன் நேரத்துக்கு, தன் உண்மையான நெரிசலோடு போகிறது.

எல்லாப் படமும் மிஞ்சவில்லை என்பது வேறு கதை. 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'சந்தேசய' (1960) உட்பட எத்தனையோ சிங்களப் படங்களைத் தயாரித்த தமிழர் அவர். அந்தத் தீயில் படச்சுருள்கள் போயின. இயக்குநர் கே. வெங்கட் அதே கலவரத்தில் கொல்லப்பட்டார். அந்தச் சுருள்களில் ஓடிய ஐம்பதுகளின், அறுபதுகளின் பஸ்கள் எத்தனை என்று மாமா ஒருமுறை கேட்டார். அந்தக் கேள்வி அந்த நேரம் எனக்குக் கோபமூட்டியது. மனிதர் போன இடத்தில் பஸ்ஸா பெரிது? இப்போது யோசித்தால், அவருக்குத் தெரிந்த முறையில் அவர் துக்கம் விசாரித்தார் என்று படுகிறது.

1979க்குப் பிறகு தனியார் பஸ் மறுபடி வந்தது. ரோசா என்கிற ஜப்பான் மினிபஸ்கள் காசெட் பாட்டோடு கற்பிட்டி வீதியில் பறந்தன. நைட் ஹோல்ட் பஸ் நின்றுபோனது. நுரைச்சோலையில் நிலக்கரி மின்நிலையத்தின் புகைக்கூடு எழும்பியது. மாம்புரிப் பக்கம் காற்றாலைகள். கற்பிட்டிக் கரையில் காற்றாடிச் சறுக்கலுக்கு வெள்ளைக்காரர். மாமா ஓய்வுபெற்றார். ரோசாவைப் பற்றி அவரிடம் கேட்டால், "அது பஸ்ஸில்ல, வேன் கொழுத்துப்போச்சு" என்பார்.

என் மகள் சின்னவளாக இருந்தபோது ஹாரி போட்டர் படம் ஒன்றைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தாள், 2004இல் வந்தது. அதில் மூன்று தட்டுள்ள ஊதா பஸ் ஒன்று நள்ளிரவில் லண்டன் தெருக்களில் பறக்கும். மாமா பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "ரெண்டு ஆர்.டி.யை வெட்டி ஒட்டியிருக்கான், மகள்" என்றார். அவள் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு அவரை மந்திரவாதியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அன்றுதொட்டு அவளே அவருக்கு டெக்காரப் பொடியன்.

பம்பாயின் பழைய டீசல் இரட்டைத்தட்டுகள் 2023 செப்டெம்பரில் கடைசியாக ஓடி நின்றன. அந்தச் செய்தியைக் கைபேசியில் காட்டியபோது, "அமோல் பாலேகர் படம் ஒண்டு இருக்கே, பஸ் ஹோல்டில நிண்டு காதலிக்கிறது, அதைப் போடு" என்றார். 'சோட்டி சி பாத்', 1976. பஸ் நிறுத்தத்தில் நிற்கிற வித்யா சின்ஹாவைப் பார்க்கவென்றே அமோல் பாலேகர் அங்கே வந்து நிற்பார். நானும் மகளும் காதலைப் பார்த்தோம்.

இப்போது அவருக்கு ஒரே தேடல். ஏதோ ஒரு சிங்களப் படம், கறுப்பு வெள்ளை, அறுபதுகளாக இருக்கவேண்டும். சிலாபத்தில் பார்த்தாராம். அதில் ஒரு இரட்டைத்தட்டு கமெராவை நோக்கி நேரே வந்து திரும்புகிறது, ரேடியேட்டர் முழுக்கத் தெரிகிறது, ஏ.இ.சி.யின் முக்கோண முத்திரையா, லேலண்ட் பெயரா என்று அப்போது பார்க்க முடியவில்லை, முன்னாலிருந்தவன் எழும்பிவிட்டான். படத்தின் பெயர் தெரியாது. நடிகர் யார் என்று கேட்டால், "ஆரோ ஒருத்தன், கோட் போட்டவன்" என்பார். கதை கேட்டால் இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்து சாப்பிட்டபின், மகள் யூடியூபில் ஒரு பழைய சிங்களப் படத்தை எடுத்து வைக்கிறாள். கோட் போட்டவர்கள் நிறையப்பேர் வந்து போய்விட்டார்கள். போன வாரம் ஒரு பஸ் திரும்பியது. மகள் சட்டென்று நிறுத்தினாள். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது ஆர்.டி.டபிள்யூ., அகலத்தைப் பாரு. அதில்ல. ஓட்டு" என்றார்.